பானையில் செவலைக்கு ஓர் இடம்

அந்தக் காலத்தில் பசுவும் பன்றியும் மட்டுமில்லை, தோட்டத்து முட்டைக்கோஸ்கூட வாய் திறந்து பேசும். பேசுவதோடு நிற்காது, கோபித்துக்கொள்ளவும் செய்யும். மனிதர்களும் அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டு கூடவே வாழ்ந்தார்கள். யாருக்கும் அது அதிசயமாகப் படவில்லை.

அப்போது அயர்லாந்தின் தெற்கே, கடற்காற்று ஓயாமல் வீசும் ஒரு மேட்டில், ஃபெலிம் என்ற குடியானவனும் ஹனோரா என்ற அவன் மனைவியும் இருந்தார்கள். வீடு ஒரே அறை. நடுவில் நெருப்பு, ஒரு பக்கம் இவர்கள் படுக்கை, எதிர்ப்பக்கம் பசு, கதவோரம் பன்றி. குளிர்காலத்தில் எல்லோருடைய மூச்சும் சேர்ந்துதான் அந்த அறையைச் சூடாக்கும். அதனால் யாரும் யாரையும் வெளியே போகச் சொல்வதில்லை.

பசு செம்பழுப்பு நிறம். அவர்கள் மொழியில் அதற்கு அழகான பெயர் ஒன்று உண்டு. நம் வாயில் நுழையாது. நாம் செவலை என்றே கூப்பிடுவோம், அது ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

செவலை பிறந்த நாளில் பனி கொட்டியது. ஈன்ற தாய் எழுந்திருக்கவே இல்லை. ஃபெலிம் கன்றைத் தன் கம்பளியால் போர்த்தி நெருப்பருகே வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் வாங்கிவந்த பாலில் விரலைத் தோய்த்துத் தோய்த்துச் சப்பக் கொடுத்தான். கன்று முதன்முதலாகக் காலூன்றி நின்றபோது, அதன் காதருகே குனிந்து சொன்னான்.

"உன்மேல என் பல் படாது. என்ன கஷ்டம் வந்தாலும் சரி, படாது."

கன்றுக்கு அப்போது பேச வராது. ஆனால் காதில் வாங்கிக்கொண்டது.

பன்றியின் கதை வேறு. அந்த வீட்டில் வருகிற ஒவ்வொரு பன்றிக்கும் தன் முடிவு தெரியும். "எப்படியும் பானைக்குப் போகப்போறேன். அதுவரைக்கும் நல்லா சாப்பிடுறேன். நீங்க ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்கும். அதற்கு ஒரே ஒரு சிநேகிதம், வீட்டின் பின்னால் வளர்ந்த முட்டைக்கோஸ். கோசுக்கு மூக்கு கிடையாது. இருந்திருந்தால் கோபம் அதன் நுனியில்தான் இருந்திருக்கும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால்கூட இலைகளை மூடிக்கொண்டு நாள் முழுக்கப் பேசாது. பன்றியிடம் மட்டும் சிரித்துப் பேசும்.

அவர்களுக்குத் திருநாள் என்றால் புனித பேட்ரிக் திருநாள். அது தவக்காலத்தின் நடுவே வரும். அந்த நாற்பது நாளும் இறைச்சி கிடையாது, ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் விலக்கு உண்டு. உப்பிட்ட பன்றியிறைச்சியும் கோசும் ஒரே பானையில் வேகும். வாசனை மேட்டைத் தாண்டிக் கீழே சாலைவரை போகும். சிநேகிதர்கள் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு போவதுபோலப் பானைக்குள் போனார்கள் என்று ஹனோரா சொல்வாள்.

செவலை எதிர்ப்பக்கத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே நிற்கும். ஒரு வருஷம் கேட்டேவிட்டது.

"திருநாளுக்கு என் பங்கு என்ன?"

"கோசுமேல உருகுதே, உன் வெண்ணெய். அதுதான் உன் பங்கு" என்றான் ஃபெலிம்.

"அது தினமும் குடுக்கிறது. திருநாளுக்குன்னு ஒண்ணு வேண்டாமா? பானையில எனக்கு இடமே இல்லையா?"

ஃபெலிம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "அப்படிப் பேசாதே. உனக்கு என்ன சொல்லியிருக்கேன்? என் பல் உன்மேல படாது."

செவலை அசைபோடுவதை நிறுத்தி யோசித்தது. பிறகு மறுபடி அசைபோட்டது. பசுக்கள் எதையும் ஒரே தடவையில் விழுங்கிவிடுவதில்லை, பேச்சையும்தான்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலையில், நிலத்திலிருந்த உருளைக்கிழங்கு எதுவும் பேசவில்லை. ஹனோரா கூப்பிட்டுப் பார்த்தாள். தோண்டிப் பார்த்தால் எல்லாம் கறுத்து, கூழாகி, நாறிப்போய்க் கிடந்தன. மேட்டிலும் பள்ளத்திலும் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அந்தக் கிழங்கை நம்பித்தான் ஊரே இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் பன்றி போயிற்று. அடுத்த வருஷமும் கிழங்கு கறுத்தது. கோஸ் காயாக முற்றுவதற்கு முன்பே, இலையிலேயே போயிற்று. கீழ்ச்சாலையில் ஆட்கள் நடந்தபடியே விழுந்தார்கள். மிச்சம் இருந்தது செவலை மட்டும், அதுவும் எலும்பும் தோலுமாக.

கப்பலேறினால் பிழைக்கலாம் என்றார்கள். கப்பலேற வேண்டுமானால் செவலையை விற்க வேண்டும்.

"என்னால முடியாது" என்றான் ஃபெலிம்.

"அப்ப நான் போறேன்" என்றாள் ஹனோரா.

அவன் மேட்டின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். அவள் முளைக்குச்சியில் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு அவிழ நெடுநேரம் ஆயிற்று. செவலை அவசரப்படுத்தாமல் நின்றது.

துறைமுகத்தில் வரிசையாக உப்புக் கொட்டகைகள் இருந்தன. அங்கேதான் நாட்டிலுள்ள மாடுகளையெல்லாம் அறுத்து, சோள முத்து அளவு கல்லுப்பைத் தேய்த்து, பீப்பாயில் அடைத்துக் கப்பலில் ஏற்றுவார்கள். அது எந்தெந்த நாட்டு மேசைக்கோ போகும். கை வெடிக்க வெடிக்க உப்புத் தேய்த்த அந்த ஊர்க்காரர்கள் அதை ஒரு துண்டுகூட ருசி பார்த்ததில்லை. ஹனோராவும் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் அங்கே உப்புத் தேய்த்தவள்தான். அந்த நெடி மூக்கில் ஏறியதும் அவள் நின்றுவிட்டாள்.

செவலைதான் பேச்சை ஆரம்பித்தது. "ஃபெலிம் சொன்னதை நான் மறக்கலை. அவன் பல் என்மேல படாதுன்னு சொன்னான்."

"ஆமா" என்றாள் ஹனோரா.

"ஆனா, உங்க வீட்டுக்குத் திருநாளைக்கு வரமாட்டேன்னு நான் சொல்லலை. நீங்க எங்கே போனாலும் வருவேன். அவன்கிட்ட சொல்லு. பானையில இடம் வை."

"எப்படி வருவே? வந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"உன் கைக்குத் தெரியும்" என்றது செவலை. அதற்குள் மாடு வாங்கும் கொட்டகை ஆள் வந்துவிட்டான். அந்தப் பக்கத்தில், மாட்டை விற்றாலும் கயிற்றை விற்பதில்லை. ஹனோரா கயிற்றைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

ஃபெலிம் எதுவும் கேட்கவில்லை. கயிற்றை மட்டும் அவள் தோளிலிருந்து எடுத்துக்கொண்டான். அவன் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்காதவனிடம், அவ்வளவு பெரிய விஷயத்தை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கப்பலில் சொல்லலாம் என்று நினைத்தாள். கப்பலில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தான்.

நியூயார்க்கில் அவர்களுக்கு மாடியறை ஒன்று கிடைத்தது. நான்கு மாடி ஏறவேண்டும். ஃபெலிம் கட்டட வேலைக்குச் செங்கல் சுமந்தான், ஹனோரா ஊரார் துணிகளைத் துவைத்தாள். அந்த ஊரில் வண்டிச் சத்தமும் சுத்தியல் சத்தமும் இடைவிடாமல் இருந்ததால், விலங்குகளும் காய்கறிகளும் பேசினாலும் யார் காதிலும் விழாது. மெல்ல மெல்ல அவை பேசுவதையே குறைத்துக்கொண்டன. ஃபெலிமும் அப்படித்தான். கதவுக்குப் பின்னால் ஆணியடித்துக் கயிற்றை மாட்டியிருந்தான். சாப்பிடும்போது ஹனோராவைப் பார்க்காமல் அந்தக் கயிற்றைப் பார்த்து உட்காருவான்.

இரண்டு திருநாள் வெறும் கிழங்கோடு போயிற்று. மூன்றாம் வருஷம், திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவன் சொன்னான்.

"மேற்கே கால்வாய் வெட்ட ஆள் எடுக்கிறாங்க. திருநாள் அன்னிக்கு மத்தியானம் கிளம்புறேன்."

"நாம எப்பத் திரும்பி வருவோம்?" என்றாள்.

"நாம இல்லை. நான் மட்டும்."

எப்போது திரும்புவான் என்று அவன் சொல்லவில்லை. மேற்கே கால்வாய் வெட்டப் போன ஆண்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹனோரா அன்று துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் அவனைக் கட்டிப்போட நினைக்கவில்லை. ஆனால் போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது அவன் தன் முகத்தைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அந்தப் பழைய பானைதான்.

திருநாள் காலையில் ஃபெலிம் கோவிலுக்குப் போனதும் அவள் கடைத்தெருவுக்கு ஓடினாள். முதலில் ஒரு கோஸ் வாங்கினாள், சில உருளைக்கிழங்கும் வாங்கினாள். பிறகு கண்ணில் பட்ட முதல் கறிக்கடைக்குள் நுழைந்து, மூச்சு வாங்கியபடி கேட்டாள்.

"ஐயா, உப்புப் போட்ட பன்றிக்கறி நல்லதா ஒரு துண்டு குடுங்க."

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது யூதர்களின் கடை. பன்றி அவர்களுக்கு ஆகாது, அந்த வாசற்படி மிதிக்காது. தன் மேட்டை விட்டால் உலகம் தெரியாத ஹனோராவுக்கு அது எப்படித் தெரியும்? தாடிக்காரக் கடைக்காரர், மென்டல் என்று பெயர், கத்தியைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"அம்மா, எங்க கடையில அந்தப் பேச்சே கிடையாது" என்றார்.

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியேறப் போனாள். அவர் அவள் இடுப்பிலிருந்த கோசைப் பார்த்தார்.

"நில்லுங்க. உங்களுக்குப் பண்டிகையா?"

"ஆமாங்க."

"பண்டிகைக்குக் கேட்டவங்களை வெறுங்கையோட அனுப்பக்கூடாது. அதோ பீப்பாயில மாட்டு நெஞ்சுக்கறி உப்புல கிடக்கு. முரட்டுக் கறி, சீக்கிரம் வேகாது. பொறுமையா வேகவெச்சா நீங்க கேட்டதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்."

அவர் ஒரு துண்டை எடுத்துக் காகிதத்தில் வைத்து நீட்டினார். ஹனோரா கையை நீட்டவில்லை. மாடு என்றதும் அவளுக்குக் கயிறு ஞாபகம் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போது காகிதத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த உப்புக்கல் ஒன்று அவள் விரலில் பட்டது. சோள முத்து அளவு, முனை உடைந்த கல். அந்தக் கைக்கு அது தெரியும்.

"ஹனோரா" என்றது ஒரு குரல், வண்டிச் சத்தத்துக்கு அடியில், மிகவும் மெல்ல. "பானையில இடம் வெச்சிருக்கியா?"

"செவலையா?"

"நான் அதே மாடுதானான்னு கேட்காதே. உப்புல கிடந்தா எங்க எல்லாருக்கும் ஒரே ஞாபகம்தான். கூட்டிட்டுப் போ."

மென்டல் அதைக் கேட்டாரோ இல்லையோ, எதிரே நிற்கிறவள் அழுவதைப் பார்த்து இன்னொரு துண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

பானையில் தண்ணீர் கொதித்தது. கறியை இறக்கினாள். உருளைக்கிழங்கு தலையைக் குனிந்துகொண்டு, "அந்த வருஷம் நாங்க உங்களைக் கைவிட்டுட்டோம். கூப்பிடும்போது வர்றோம்" என்றது. கோஸ்தான் இலைகளை இறுக்கி மூடிக்கொண்டது.

"மாட்டோடவா? நானா? எங்க பரம்பரை பன்றியோட பழகின பரம்பரை. வேற பானையில போடு. தனித் தண்ணியில போடு. இதுல இறங்க மாட்டேன்."

"ஒரே பானைதான் இருக்கு" என்றாள் ஹனோரா.

"அப்ப நான் பச்சையாவே இருக்கேன்."

ஹனோரா அதைக் கட்டாயப்படுத்தவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, கறியை முள்கரண்டியால் குத்திப் பார்த்தாள். முள் இறங்கவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. இன்னொன்றும் ஆயிற்று. கறி இன்னும் கல்லாகவே இருந்தது. அவள் தீயைக் குறைத்து, மூடியைப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

கோவிலிலிருந்து ஃபெலிம் வந்தான். படியேறும்போதே வாசனை அவனைப் பிடித்துவிட்டது. கடைசி மாடியை இரண்டிரண்டு படியாக ஏறினான். கதவைத் திறந்ததும் நின்றுவிட்டான்.

"இது பன்றியில்லையே."

"இல்லை. மாடு."

அவன் முகம் கறுத்தது. தன் துணிகளைக் கம்பளியில் சுருட்டினான். ஆணியிலிருந்த கயிற்றை எடுத்து மூட்டையைச் சுற்றி, இறுக்கி, முடிச்சுப் போட்டான். பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அன்னிக்கு வித்தே. சரி, பசி. இன்னிக்குத் தின்னச் சொல்றியா? என் வாக்கை நீ ஒரு நிமிஷமாவது நினைச்சுப் பார்த்தியா?"

"நினைச்சேன். மூணு வருஷமா அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்." ஹனோரா எழுந்து கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "செவலை உனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பிச்சுது. நீ கேட்கவே இல்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. யார் முதுகுகிட்ட சொல்றது?"

அவள் சொன்னாள். கொட்டகை வாசலில் செவலை பேசியதை, ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். ஃபெலிம் மூட்டையைப் பிடித்தபடி கேட்டான்.

"வரட்டும்" என்றான் கடைசியில். "வந்தது சந்தோஷம். ஆனா நான் எப்படித் தின்பேன்? என் பல் படாதுன்னு சொன்னேன். அந்த மேட்டுல எனக்குன்னு இருந்ததெல்லாம் போச்சு. சொன்ன சொல் ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

அப்போது பானையின் மூடி தடதடவென்று ஆடியது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அதுக்குத்தானே இவ்வளவு நேரமா வெந்துக்கிட்டிருக்கேன், ஃபெலிம். சீக்கிரம் வெந்திருந்தா உன் பல்லுக்கு வேலை இருந்திருக்கும். கொஞ்சம் பொறு. உன் வாக்கும் இருக்கும், என் பங்கும் இருக்கும்."

ஃபெலிம் மூட்டையைக் கீழே வைத்தான். இருவரும் பானையருகே உட்கார்ந்தார்கள். நேரம் போயிற்று. மத்தியானம் கிளம்பும் வண்டியின் மணி தெருவில் அடித்து ஓய்ந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது மணி நேரமும் கழிந்தபிறகு ஹனோரா முள்ளால் தொட்டாள். கறி தானாகவே இழை இழையாகப் பிரிந்து விழுந்தது. அவள் சிறிது எடுத்து ஊதி, அவன் வாயில் வைத்தாள்.

ஃபெலிம் மெல்லவில்லை. வாயை அசைக்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். உப்பும் கொழுப்புமாக அது நாக்கின்மேல் கரைந்தது. செவலை கன்றாக இருந்தபோது அவன் விரலைச் சப்பிய அந்தச் சூடு போலவே அவனுக்கு இருந்தது. ஒரு பல்கூடப் படவில்லை. அவன் பெரிய குரலெடுத்து அழுதான். பசுவைக் கொடுத்த அன்று அழாமல் வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. ஹனோராவும் அழுதாள். அவளும் அன்று அழுதிருக்கவில்லை.

மேசைமேலிருந்து ஒரு கனைப்பு கேட்டது.

"ரெண்டு பேரும் அழுது முடிச்சாச்சுன்னா, யாராவது என்னை வெட்டுங்க" என்றது கோஸ். "எவ்வளவு நேரம் இங்கேயே உட்கார்ந்திருக்கிறது? பன்றிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஹனோரா சிரித்துக்கொண்டே கிழங்கைப் பானைக்குள் விட்டாள். அது பாதி வெந்ததும் கோசை நாலாக வெட்டி அதே தண்ணீரில் இறக்கினாள். மூன்று மணி நேரம் கறி விட்ட உப்பையும் சாரத்தையும் கோஸ் கால் மணியில் குடித்துவிட்டது. வீறாப்பாக இருந்தாலும் இலைகள் பளபளத்தன. தட்டில் செந்நிறக் கறி, பச்சைக் கோஸ், வெடித்த கிழங்கு, மேலே உருகும் வெண்ணெய், ஓரத்தில் கொஞ்சம் கடுகு விழுது. ஃபெலிம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஹனோராவுக்கு எதிரே உட்கார்ந்தான். கீழ் மாடிக்காரர்கள் வாசனை பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் கையிலும் தட்டு இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அவன் மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். கயிற்றின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. ஹனோரா உதவிக்குக் கை நீட்டினாள். "வேண்டாம், இதை நான்தான் அவிழ்க்கணும்" என்று சொல்லி, நிதானமாக அவிழ்த்தான். கயிற்றை அவளிடம் கொடுத்தான். மறுநாள் அதில் அவள் துவைத்த துணியை உலர்த்தினாள்.

அன்று முதல்தான், கடல் கடந்து போன அந்த மக்கள் தங்கள் திருநாளில் உப்பிட்ட மாட்டுக்கறியைச் சமைக்கிறார்கள்; முள் பட்டாலே பிரிந்துவிழும்வரை யாரும் அவசரப்படுத்துவதில்லை. கோஸ் கடைசியில்தான் பானைக்குள் இறங்குகிறது. பழைய நாட்டில் தங்கிவிட்டவர்கள் இன்றும் பன்றிக்கறிதான் சமைக்கிறார்கள், இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்கிறார்கள். அவர்களுடைய செவலைகள் கொட்டிலிலேயே நிற்கின்றன, அவர்களுக்கு இது தெரியாது. இப்போது பசுவும் பேசுவதில்லை, கோசும் பேசுவதில்லை. மூன்றாவது மணி நேரத்தில் பானையின் மூடி மட்டும் தடதடக்கும். அப்போது அடுப்பங்கரையில் யார் இருந்தாலும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள்.